குழந்தையோடு பாய்மரப் படகில் வாழப் போகிறவர்கள் வீட்டிலேயே பழக வேண்டியவை

பாய்மரப் படகில் குழந்தையோடு சில மாதங்கள் எளிமையாக வாழ்ந்து பார்க்க விரும்பும் கொங்கு நாட்டுப் பெற்றோர், படகைப் பற்றி விசாரிக்கத் தொடங்கும் முன்பே ஓராண்டாவது தம் வீட்டில் பழக்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. நானும் ஒன்பது வயது மகளும் 27 அடிப் படகொன்றில் ஐந்து மாதங்கள் இருந்தோம். ஈரோட்டில் பழகிச் சென்றவை அங்கே கைகொடுத்தன. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை ஒவ்வொன்றாக எங்களைப் படுத்தின.

எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தண்ணீர். எங்கள் படகின் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். குடிப்பதற்கும் சமையலுக்கும் பாத்திரத்தைக் கடைசியாக அலசுவதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு அது 15 நாள் வரும். கணக்குப் போடுவது எளிது, அதன்படி நடப்பதுதான் கடினம். ஆகவே 20 லிட்டர் கேன் ஒன்றைச் சமையலறையில் வைத்து, குழாய்ப் பக்கமே போகாமல், அது இருவருக்கும் இரண்டு நாள் வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு முதல் முறை மறுநாள் காலையிலேயே தீர்ந்துவிட்டது. கேனில் கோடு போட்டுக் கணக்கு வைக்கும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டால், நம்மைவிடக் கறாராக இருப்பார்கள். "கோடு தாண்டிப் போச்சுங்கப்பா" என்ற குரலுக்குப் பயந்தே நான் ஒரு டம்ளர் தண்ணீரில் பல் துலக்கப் பழகினேன். கடலில் பாத்திரத்தை உப்புத் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை மட்டும் அலசலாம். ஆனால் துறைமுகத்துக்குள் எண்ணெயும் கழிவும் கலந்த நீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

துணி விஷயத்தில் நான் ஏமாந்தேன். ஊர்ப் பெருமைக்காகக் கொண்டுபோன பவானி ஜமக்காளத்தை அலை தெறித்து நனைத்தபோது, வெயிலில் போட்டால் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், பகலில் காய்ந்தது இரவில் மீண்டும் பிசுபிசுத்தது. கனத்த பருத்தி விரிப்புகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசக்கூடிய மெல்லிய துணிகளை எடுத்துச் செல்லுங்கள்.

சமையலுக்கு நம் ஊர் அரிசிம்பருப்புச் சாதத்தைவிடப் படகுக்கு ஏற்றது எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஒரே குக்கரில் முடிவதால் எரிவாயுவும் தண்ணீரும் மிச்சமாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் சின்ன வெங்காயம், புளி, கொள்ளு, நிலக்கடலை, நெய் ஆகியவை நாள்பட இருக்கும். நாட்டுச் சர்க்கரையை மட்டும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசிந்துவிடும்.

நீச்சலில் சமரசம் வேண்டாம். முன்பு நம் கிணறுகளில் முதுகில் சுரைப்புருடை என்னும் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டியும், பின்னர் பிளாஸ்டிக் கேனைக் கட்டியும் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார்கள். படகுக்கு அது போதாது. குழந்தையின் எடைக்குப் பொருந்துகிற, கால்களுக்கிடையே பட்டை வைத்த உயிர்காப்பு அங்கியை வாங்கி, அதை உடுத்தியபடியே தண்ணீரில் குதித்து மிதக்கப் பழக்குங்கள். அந்தப் பட்டை இல்லையென்றால் அங்கி தலைக்கு மேலே ஏறிவிடும். மேல்தளத்துக்கு வரும்போதெல்லாம் அங்கி, ஓடும் படகிலோ இரவிலோ என்றால் அதனுடன் படகோடு பிணைக்கும் கயிறு என்பதை எங்கள் வீட்டுச் சட்டமாக வைத்திருந்தோம். அது எனக்கும் பொருந்தியது.

முடிச்சுப் போடக் கற்க எங்கும் போக வேண்டாம், கட்டுத்தரைக்குப் போனால் போதும். மாட்டின் கழுத்தில் கட்டும் கயிறு எவ்வளவு இழுத்தாலும் இறுகாமலும், வேண்டும்போது அவிழக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பாயின் மூலையில் கயிறு கட்டுவதற்கும் இதே குணமுள்ள கண்ணி முடிச்சுத்தான் தேவை. அதை இருட்டில், கண்ணைக் கட்டிக்கொண்டு போடும்வரை பழக்க வேண்டும்.

கடற்குமட்டல் எப்படி இருக்கும் என்பதை ஓரளவு அறிய, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தையோடு ஒருமுறை பேருந்தில் போய்வாருங்கள். புத்தகமோ கைபேசியோ பார்க்காமல் தூரத்தில் கண்ணை நிறுத்தச் சொல்லுங்கள். கடலிலும் தொடுவானத்தைப் பார்த்திருப்பதே முதல் மருந்து. காற்றைப் படிக்க ஆடி மாதம் இருக்கவே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்றில் பட்டம் விட்டாலே, காற்று ஒரே சீராக வருவதில்லை, அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கும் என்பது குழந்தையின் கைக்குத் தெரிந்துவிடும். பாயை நேரத்தோடு சுருக்க வேண்டும் என்று பிறகு சொல்லும்போது காரணம் கேட்கமாட்டார்கள்.

பாய் ஓட்டுவதை மட்டும் கடலோரத்தில்தான் கற்க வேண்டும். 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே ஆப்டிமிஸ்ட் என்ற ஒற்றைப் பாய்ப் படகு உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். பள்ளிப் படிப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி முறை உதவும்.

கோவையிலிருந்து மிக அருகிலுள்ள பெரிய துறைமுகம் கொச்சி. அங்கே போல்காட்டித் தீவில் பாய்மரப் படகுகள் நிற்கும் துறை இருக்கிறது. மேற்குக் கரையில் கார்த்திகை முதல் சித்திரை வரை பெரும்பாலும் அமைதியான பருவம். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கும், பிற்பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும் காற்று வீசும். அந்த இரண்டையும் பயன்படுத்திக் கரையோரமாகச் சிறுசிறு தொலைவாகப் போனால் குழந்தை சோர்வதில்லை. ஆபத்து நேர்ந்தால் படகின் பேசும் வானொலியில் அழைக்க வேண்டிய தடம் 16, கடலோரக் காவல்படை எண் 1554 ஆகிய இரண்டையும் குழந்தையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்; கீழே விழுந்தது பெரியவரென்றால் அழைக்க வேறு ஆள் இல்லை.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தை, மாசி இரவில் மொட்டை மாடியில் நின்று, கையை நீட்டி, விரல்களை மடக்கிய முஷ்டியைத் தொடுவானத்தின்மேல் வைத்தால், ஈரோட்டில் துருவ நட்சத்திரம் அதற்குச் சற்று மேலே நிற்கும். ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் அந்த நட்சத்திரம் அங்கே தெரியும். முஷ்டியின் உயரம் ஏறக்குறைய 10 பாகை, ஈரோட்டின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்று மேல். கொச்சியில் படகு மேல்தளத்தில் மகள் இதையே செய்து பார்த்தாள். நட்சத்திரம் அவள் முஷ்டியின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது.