காட்டுத்தீக்குப் பிறகு பள்ளிப் பணம்: கலிஃபோர்னியாவில் செய்யக்கூடாத தவறுகள்

கலிஃபோர்னியாவில் பள்ளிக்கு வரும் அரசுப் பணத்தில் பெரும்பகுதி, பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்து வருவதில்லை, அன்றாடம் எத்தனை பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள் என்ற சராசரியைப் பார்த்து வருகிறது. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊர் எரிந்தபோதும், 2025 ஜனவரியில் ஆல்டடீனாவும் பசிபிக் பாலிசேட்ஸும் எரிந்தபோதும், வீட்டை இழந்த குடும்பங்கள் நாலாபக்கமும் சிதறிப்போனார்கள். அந்த நேரத்தில் இந்தக் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளி மூடிய நாட்களுக்கு அரசு தானாகவே பணம் கொடுத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இழந்த நாட்களுக்குப் பணம் கேட்கும் ஜே-13ஏ என்ற படிவத்தைப் பள்ளி மாவட்டம்தான், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான், அனுப்ப வேண்டும். அந்த மாவட்டத்தின் நிர்வாக வாரிய உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் உறுதிமொழி கொடுத்து, கவுன்டியின் (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பகுதி) பள்ளிக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது மாநிலக் கல்வித் துறைக்கே போகும்.

இந்தப் படிவம் மூடிய நாட்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பது இன்னொரு தவறு. பள்ளி திறந்திருந்தும் புகையாலோ சாலை அடைப்பாலோ வருகை வெகுவாகக் குறைந்திருந்தால் அதற்கும் கேட்கலாம், வருகைப் பதிவேடே எரிந்துபோயிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. அதனால், பாவம் பிள்ளைகள் என்று இரக்கப்பட்டு, வராதவர்களுக்கும் வருகை போடவே போடாதீர்கள். தணிக்கையில் மாட்டுவது ஒரு பக்கம், வருகை குறைந்தது என்பதற்கு இருந்த ஒரே சான்றும் உங்கள் கையாலேயே அழிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒன்று. உறவினர் வீட்டிலோ மோட்டலிலோ தங்கியிருந்தால், சான்றிதழ் எல்லாம் எரிந்துவிட்டதே, முகவரிச் சான்று இல்லையே என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மெக்கினி-வென்டோ என்ற கூட்டரசுச் சட்டப்படி, காகிதம் இல்லாமலேயே உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் நலனுக்கு அதுவே நல்லது என்றால் பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்தும் கேட்கலாம். அந்தச் சட்டம் உங்களை வீடற்றோர் என்று குறிப்பிடுகிறதே என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், அது உங்கள் உரிமை.

அப்புறம், நிர்வாகிகள் கடைசியில் சறுக்கும் இடம். ஜே-13ஏ இழந்த நாட்களைத்தான் ஈடுகட்டும், ஊரைவிட்டே போன குடும்பங்களை அல்ல. 2022-23 கல்வியாண்டிலிருந்து, நடப்பு ஆண்டின் வருகை, முந்தைய ஆண்டின் வருகை, அல்லது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி வருகை, இவற்றில் எது அதிகமோ அதை வைத்துப் பள்ளி மாவட்டங்களுக்குப் பணம் கணக்கிடுகிறார்கள். அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. ஆக, பள்ளி மாவட்டங்களுக்கு வீழ்ச்சி உடனே தெரியாது, தள்ளித்தான் தெரியும். முதல் ஆண்டில் பணம் குறையவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பிறகு மனநல ஆலோசகரை வேலையைவிட்டு அனுப்பும் நிலைக்கு வராதீர்கள். தீயைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டு கழித்தும் அவர் தேவைப்படுவார், அந்தச் சம்பளத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.