ஆற்றோரம் வேலி போடுகிறவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

ஆற்றை ஒட்டி மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர் கரையை வேலி போட்டு அடைப்பது நல்ல காரியம். மாடு ஆற்றில் இறங்காவிட்டால் கரை மிதிபடாது, சாணமும் மூத்திரமும் நேராகத் தண்ணீரில் விழாது. வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவே வளரும் புல், மழைநீரோடு வரும் மண்ணைப் பிடித்து நிறுத்தும். இதெல்லாம் தெரிந்துதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் புதிதாக வேலி போடுகிற ஒவ்வொருவரும், நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே குழியில் வரிசையாக வந்து விழுவதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. கம்பத்தை ஆழமாக நட வேண்டும், கம்பி தொய்யக்கூடாது என்பதையெல்லாம் வேலி போட வருகிறவரே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

## கரையை ஒட்டியே வேலி போடுவது

இதை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். தெரிந்த பையன் ஒருவன், புது வேலியைப் பார்க்க வரச்சொன்னான். நல்ல கம்பங்கள், விறைப்பாக இழுத்துக் கட்டிய ஐந்து வரிசைக் கம்பி, நூல் பிடித்தாற்போல நேர்கோடு. ஆனால் கரை விளிம்பிலிருந்து ஒரே எட்டில் நின்றது.

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாமே தம்பி?”

“அவ்வளவு புல்லையும் ஆத்துக்கா விடுறதுண்ணே?”

ஆறு அந்த இடத்தில் வளைந்து போகிறது. வேலி நின்றது வெளிவளைவில். குனிந்து பார்த்தால் கரையின் அடிமண் உள்ளே அரிபட்டுப் போயிருந்தது. மேலே ஒரு சாண் கனத்துக்கு வேர் பின்னிய மண் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. காட்டினேன், சிரித்தான். அடுத்த வெள்ளம் வடிந்தபோது நான்கு கம்பங்கள் கால் தரையில் படாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கின. மிச்ச வரிசையில் செத்தையும் கட்டையும் அடைத்துக்கொண்டு, மூலைக்கம்பம் வரை சாய்ந்து கிடந்தது. இழுத்துக் கட்டிய வேலியில் ஓரிடம் போனால் அந்த இழுப்பே மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். புல்லை மிச்சம் பிடிக்கப் போய் அவன் வேலியை இரண்டாம் தடவை போட்டான்.

ஆறு இன்றைக்கு ஓடும் இடத்திலேயே எப்போதும் ஓடாது. வளைவின் வெளிப்பக்கம் ஓட்டம் வேகமாக இருக்கும், கரையின் அடியை அரிக்கும். உள்பக்கம் வேகம் குறைந்து மணலும் வண்டலும் படியும். ஆகவே வெளிவளைவில் வேலி நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். மாட்டின் பழக்கம் ஒன்றையும் கணக்கில் வையுங்கள்: அது வேலியை ஒட்டியே நடந்து நடந்து தடம் போடும். வேலி கரைக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த வெறுந்தடமும் கரைக்குப் பக்கத்தில்தான். மழை பெய்தால் தடமே வாய்க்காலாகி, கலங்கல் தண்ணீரை நேராக ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டும்.

எவ்வளவு தள்ளி என்று கேட்பார்கள். நியூசிலாந்தில் 2020-இல் வந்த விதிகள், ஒரு மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளில் படுகை விளிம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் பால் மாடுகளையும் பன்றிகளையும் நிறுத்தச் சொல்கின்றன. அது குறைந்தபட்சம். சரிவான நிலத்துக்கும் அரிக்கிற கரைக்கும் அது போதாது. அதற்காக எல்லா இடத்திலும் ஒரே அகலம் விடுவதும் சரியில்லை. மழைநீர் நிலம் முழுக்கப் பரவி வருவதில்லை. தாழ்வான இடங்களில் சேர்ந்து ஓடையாக வருகிறது. ஓடை வந்து முட்டும் இடத்தில் பட்டை, அதாவது வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவே விட்ட புல்தரை, குறுகலாக இருந்தால் தண்ணீர் அங்கேயே பிய்த்துக்கொண்டு போய்விடும், மற்ற இடத்துப் புல்லுக்கு வேலையே இருக்காது. அங்கே அகலமாக விடுங்கள், மேடான இடத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழையில் குடையை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்வந்தால் கோடு எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். புதர்களில் செத்தை சிக்கி நிற்கும் உயரம், போன வெள்ளம் எதுவரை வந்தது என்று காட்டும்.

வெள்ளம் ஏறும் நிலத்தில்தான் போட்டாக வேண்டும் என்றால், வலைவேலி வேண்டாம். அது செத்தையை அள்ளிக்கொள்ளும். மாட்டுக்கு ஒன்றிரண்டு மின்கம்பி வரிசையே போதும். கம்பங்களில் நீர் போகும் பக்கமாகக் கம்பியை அடித்தால், அழுத்தம் கூடும்போது ஆணி பிடுங்கிக் கம்பி விழும், கம்பம் தப்பிக்கும். வடிந்தபின் தூக்கி அடித்துக்கொள்ளலாம். மூலைக்கம்பங்கள் மட்டும் வெள்ளம் எட்டாத மேட்டில் இருக்கட்டும்.

## தொட்டி வருமுன் வேலியை மூடுவது

வெயில் நாளில் பால் கறக்கிற பெரிய மாடு 100 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். ஆற்றை அடைத்துவிட்டுத் தொட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அது வேலியைத் தள்ளித்தான் பார்க்கும். தொட்டியை மேட்டில், வேலியை விட்டு விலக்கி வையுங்கள். தொட்டியைச் சுற்றி எப்போதும் சேறும் சாணமும்தான். அது வேலியோரம் இருந்தால் எல்லாம் பட்டைக்குள் வடியும். நிழல் மரங்கள் முழுவதும் வேலிக்குள்ளே போய்விட்டனவா என்றும் பாருங்கள். போயிருந்தால் மதியத்தில் மந்தை முழுக்க அங்கேதான் சாய்ந்து நிற்கும்.

## உயிர்மரத்தில் கம்பி அடிப்பது

மரம் ஆற்றோடு போகும் நாளில் வேலியும் போகும்.

## கடக்கும் இடத்தை அப்படியே விடுவது

கரை முழுக்க வேலி போட்டுவிட்டு, மாடுகள் ஆற்றைக் கடக்கும் இடத்தை மட்டும் பழையபடி விடுவார்கள். தண்ணீரில் கால் பட்டதும் மாடு சாணம் போடும். நியூசிலாந்தின் ஷெர்ரி ஆற்றில் நடந்த ஓர் ஆய்வில், நடைபாதையைவிட ஆற்றைக் கடக்கும்போது மீட்டருக்கு சுமார் 50 மடங்கு அதிகமாகச் சாணம் விழுந்தது தெரிந்தது. தினமும் இரண்டு வேளை கறவைக்குக் கடக்கிற மந்தை என்றால் சின்னப் பாலம் போடுவதே சரி. எப்போதாவது கடப்பது என்றால் கல் பாவி, இரண்டு பக்கமும் கேட் வைத்துக்கொள்ளலாம். ஆற்றுக்குக் குறுக்கே கம்பி போக வேண்டியிருந்தால், அதைத் தனித் தொங்கு வேலியாக விடுங்கள். பிரதான வேலியோடு கட்டாதீர்கள்.

## மின்வேலிக்குத் தனி சுவிட்ச் வைக்காதது

வெள்ளம் கம்பியைத் தொட்டதும் மின்சாரம் தரையில் இறங்கிப் பண்ணை முழுக்க வேலி செத்துவிடும். ஆற்றோரத்துக்கு மட்டும் ஒரு சுவிட்ச்.

## வேலி போட்டாயிற்று என்று விட்டுவிடுவது

முதல் இரண்டு வருடம் பட்டைக்குத்தான் அதிக கவனிப்பு வேண்டும். மேய்ச்சல் நின்றதும் புல்லும் களையும் இடுப்புயரம் ஏறி, அங்கே நட்ட மரக்கன்றுகளை அமுக்கிவிடும். கன்றைச் சுற்றி மட்டும் களை எடுங்கள். பட்டை முழுக்கக் களைக்கொல்லி அடித்துத் தரையை வெறுமையாக்கினால், மண்ணைப் பிடிக்க அங்கே என்ன மிச்சம்? வேலியடியில் உள்ள புல்லையும் வெட்டுங்கள். ஈரப்புல் கம்பியில் பட்டால் மின்சாரம் பலவீனமாகும்.

வெட்டிய புல்லை அங்கேயே போட்டுவிடாதீர்கள். பட்டை பிடித்துவைத்த மண்ணோடு பாஸ்பரஸும் வந்து சேர்கிறது. புல் அதை உறிஞ்சுகிறது. புல் அங்கேயே மக்கினால் அது திரும்ப மண்ணுக்குத்தான் போகும், சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் ஆற்றிலும் கசியும். வெட்டி வெளியே எடுத்து மாட்டுக்கே போடுங்கள். வெளியே எடுக்க ஒரு கேட் வேண்டும், அதைப் பலர் வைப்பதில்லை. கன்றுக்குட்டி எப்படியாவது உள்ளே நுழைந்துவிடும், அதை ஓட்டி வரவும் அந்தக் கேட்தான்.

கடைசியாக, நிலத்தடி வடிகால் குழாய் இருந்தால் அதன் வாய் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். பட்டைக்கு அடியில் போய் நேராக ஆற்றில் கொட்டுகிறது என்றால், அந்தத் தண்ணீர் புல்லைத் தொடவே இல்லை. குழாயை வேலிக்கு உள்ளேயே வெட்டிவிட்டு, ஒரு சின்னச் சதுப்புக் குழியில் விழவிடலாம்.