தொற்றுநோய்த் தகவல்: சேலத்திலும் ஏற்காட்டிலும் யாரிடம், எப்போது, எப்படி

லேப் ரிசல்ட் வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருப்பதில்தான் பாதி காரியம் கெடுகிறது. டெங்கு என்று சந்தேகம் வந்த அன்றே தகவல் போக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். ரிசல்ட்டுக்கு மூன்று நாள், போன் போட ஒரு நாள் என்று இழுத்தால் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும்.

1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டம் இந்தப் பொறுப்பை டாக்டரோடு நிறுத்தவில்லை. தொழிற்சாலை மேலாளர், தங்கும் விடுதி நடத்துபவர், குடும்பத் தலைவர், வீட்டு உரிமையாளர் எல்லோரும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது மாநகர்நல அலுவலர் அலுவலகம். ஏற்காடு ஒன்றியம் என்றால் கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர். யாரையும் தெரியாவிட்டால் 104 சுகாதார உதவி எண். ஆஸ்பத்திரியும் லேபும் அரசின் நோய்க் கண்காணிப்பு இணையதளமான ஐ.எச்.ஐ.பி.யிலும் பதிய வேண்டும்: டாக்டரின் சந்தேகம் 'பி' படிவத்தில், லேப் உறுதிசெய்தது 'எல்' படிவத்தில். காசநோய்க்கு நிக்ஷய் தளம். காசநோயைத் தெரிவிப்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம்.

காலரா, தட்டம்மை, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கைகால் தளர்ந்துபோவது: இவற்றில் ஒரே ஒரு ஆள் போதும், உடனே போன். ஒரே தெருவில் இரண்டு டெங்கு சந்தேகம், ஒரே விடுதியில் பலருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் அப்படியே.

அதிகம் சொதப்புவது முகவரியில். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர் காய்ச்சலோடு கீழே வருகிறார், அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டில் தங்கி அட்மிட் ஆகிறார், ஆதாரில் வாழப்பாடி. ஆதாரைப் பார்த்து எழுதினால் கொசுப்புழு ஒழிக்கும் ஆட்கள் வாழப்பாடியில் போய் நிற்பார்கள். காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரண்டு வாரம் எங்கே படுத்தார், பகலில் எங்கே வேலை பார்த்தார் என்று இரண்டையும் கேளுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும். அம்மாபேட்டை தறிக்குழியில் ஊறி நிற்கும் மழைத்தண்ணீரும் செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறையின் டிரம்மும் வீட்டு முகவரியில் அகப்படாது. உண்ணிக் காய்ச்சல் சந்தேகம் என்றால் மூன்று வாரம் பின்னோக்கிக் கேட்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு படும் இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். வலிக்காது, அதனால் நோயாளி தானாகச் சொல்ல மாட்டார்.

அடுத்தது காய்ச்சல் தொடங்கிய தேதி. ஓ.பி. சீட்டு போட்ட தேதியை எழுதிவிடுகிறார்கள். டெங்கு ரத்தப் பரிசோதனையில் முதல் 5 நாளுக்குள் வைரஸ் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலைசா, அதற்குப் பிறகு உடலின் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா. தேதி தவறினால் டெஸ்ட்டும் தவறி, நோய் இருந்தும் 'இல்லை' என்று வரும். உடனடி கார்டு டெஸ்ட்டை உறுதி என்று எண்ண வேண்டாம். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் ரத்த மாதிரிக் குப்பி ஐஸ் மேல் நேராகப் படக்கூடாது, சிவப்பணு உடைந்துவிடும். ரத்தம் உறைந்தபின் கிடைக்கும் தெளிநீரான சீரத்தைப் பிரித்து, 2 முதல் 8 டிகிரியில் அனுப்புவதே நல்லது. காலராவுக்கான மலமாதிரியை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே எடுத்து மாதிரி கெடாமல் லேபுக்குக் கொண்டுபோக உதவும் கேரி-பிளேர் ஊடகத்தில் போடுங்கள். அதற்கு ஐஸ் வேண்டாம்.

புகை அடித்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. ஆனால் புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். டிரம்மைக் கவிழ்த்தாலும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபடியே பல மாதம் கிடக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் கிணற்றைப் பாருங்கள். வட்டக் கிணற்றில் விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் (மீட்டரில்) × 785 = லிட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்று 70 கிராம். வாளியில் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பை ஊற்றினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்து குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மறுபடி போடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் திறந்து வைத்த மூட்டை கட்டி தட்டி, நெடி போய்விடும். அந்தப் பவுடரில் எத்தனை கிராம் போட்டாலும் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

காலரா என்றால் கடைசி நோயாளிக்குப் பின் புதிதாக யாரும் வராமல் 10 நாள் கடக்கும்வரை குளோரின் அளவை தினமும், கடைக்கோடிக் குழாயில் பிடித்துப் பார்த்துக் குறித்து வையுங்கள்.