சென்னை பற்றிப் பத்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை, சினிமா, தெருப் பெயர், ஊர்ப் பேச்சு. பத்திரிகையின் நகரப் பத்தியில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான். செய்தியைச் சரிபார்க்கும் அளவுக்குப் பத்தியை யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால் ஒருமுறை அச்சேறிய பிழையைப் பத்து வருடம் கழித்தும் இன்னொருவர் ஆதாரமாக எடுத்தாள்கிறார்.

மழையில் முதல் சறுக்கல் தேதி. வானிலை மையம் தரும் 24 மணி நேர அளவு, காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை மழைமானியில் சேர்ந்தது. அது பதிவாவது முடிகிற நாளின் தேதியில். 2015 டிசம்பர் 1 பகலும் இரவும் கொட்டிய மழை, கணக்கில் டிசம்பர் 2 என்று இருப்பது இதனால்தான். இது தெரியாமல் "டிசம்பர் 2 அன்று பெய்த பேய்மழை" என்று எழுதினால், வெள்ளம் வந்த பிறகு மழை பெய்தது போல் ஆகிவிடும்.

அடுத்தது இடம். அந்தப் பதிவில் தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47, மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29. "சென்னையில் 49 செ.மீ." என்று பொதுவாக எழுதுவது தவறு. தெற்கிலும் மேற்கிலும் மழை இவ்வளவு கூடியதுதான் அடையாற்றங்கரை அப்படி மூழ்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். எண்ணோடு மழைமானி நிலையத்தின் பெயரையும் எழுதுங்கள், வாசகருக்குப் பாதி விளங்கிவிடும்.

ஏரி நீரைப் பற்றி எழுதும்போது கன அடியையும் வினாடிக்குக் கன அடியையும் குழப்பாதவர் குறைவு. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 3.6 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). இது இருப்பு. "29,000 கன அடி திறப்பு" என்பது வினாடிக்கு. அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 2.5 டிஎம்சி போய்விடும். "வினாடிக்கு" என்ற ஒரு சொல் விடுபட்டால், முழு ஏரியில் ஒரு குடம் நீர் திறந்ததாகப் பொருள்படும். ஒரு டிஎம்சி என்பது வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடும் நீர். இந்த ஒரு எண்ணை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

சினிமா வசூலிலும் கோளாறு இதே மாதிரிதான். "100 கோடி வசூல்" என்று தயாரிப்புத் தரப்பு சொன்னால் அது கிராஸா, நெட்டா, ஷேரா என்று கேட்காமல் எழுதக்கூடாது. கிராஸ் என்பது டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதை மட்டும் கழித்தாலே 100 கோடி 84.75 கோடியாகிறது. உள்ளாட்சிக் கேளிக்கை வரி போனால் இன்னும் குறையும். வரி போன மிச்சம் நெட். அதில் தியேட்டர் பங்கு போக வருவதுதான் ஷேர். பொதுவாக முதல் வாரம் விநியோகஸ்தர் பக்கம் அதிகம், நாள் போகப்போகத் தியேட்டர் பக்கம் அதிகம். ஆகவே 100 கோடி கிராஸ் வந்த படம் 70 கோடியில் எடுக்கப்பட்டிருந்தால் "30 கோடி லாபம்" என்று எழுதுவது பெரும்பிழை. ஓடிடி, சாட்டிலைட் உரிமைகள் தனிக் கணக்கு. விநியோக ஏரியாவின் பெயரிலும் கவனம் தேவை: என்எஸ்சி என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. சென்னை நகரம் அதில் சேராது. தியேட்டரின் டிசிஆர், அதாவது அன்றாட வசூல் அறிக்கை, கைக்குக் கிடைக்காத வரை "தயாரிப்பு நிறுவனம் சொல்லும் தொகை" என்றே எழுதுங்கள்.

பெயர்களில் காலம் பிசகும். "1965-ல் அண்ணா சாலையில் ஊர்வலம்" என்று எழுத முடியாது, அப்போது அது மவுண்ட் ரோடு. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்ததும் 1969 ஜனவரி 14-ல்தான். தி.நகர் என்பது நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரால் வந்த தியாகராய நகர். "தியாகராஜ நகர்" என்று எழுதுவது பிழை. "1996-ல்தான் சென்னை என்ற பெயர் வந்தது" என்பதும் சரியல்ல. தமிழில் அது முன்பே சென்னைதான், அந்த ஆண்டு மாறியது ஆங்கிலத்தில் வழங்கிய அதிகாரப்பூர்வப் பெயர். ஆகஸ்ட் 22-ஐ நகரின் பிறந்தநாள் என்று எழுதும்போதும் எதன் பிறந்தநாள் என்று சொல்லுங்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பெற்றதன் நினைவு அது. திருவல்லிக்கேணிக் கோயிலிலோ பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டே இருக்கிறது.

ஊர்ப் பேச்சை எழுதுவதில் நடக்கும் தவறு ஆளையே காயப்படுத்துகிறது. எல்லா ஆட்டோக்காரரையும் "இன்னா நைனா" என்று பேச வைப்பது பழைய சினிமாவின் பழக்கம். திருவண்ணாமலையிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். அவர் "என்னங்க" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். துட்டு, நாஷ்டா, பேஜார் எல்லாம் புழங்கு சொற்கள், தயங்க வேண்டாம். கஸ்மாலம், பேமானி வசவுகள். கஸ்மாலத்தின் வேர் அழுக்கைக் குறிக்கும் வடசொல். பேமானி நேர்மையற்றவன் என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. பேசியவர் சொல்லாத இடத்தில் நிறம் சேர்க்க இவற்றை நுழைப்பது அவரை இழிவுபடுத்துவதே.

கானாவையும் குத்துப்பாட்டு என்று சுருக்கிவிடாதீர்கள். இழவு வீட்டில் இரவு முழுக்கப் பாடப்படும் மரண கானா ஆட்டத்துக்கான பாட்டு அல்ல, இறந்தவரின் பெயரையும் உறவுகளையும் பாட்டில் கோத்துப் பாடுவது. அங்கே செல்போனை உயர்த்துவதற்கு முன் வீட்டாரிடம் கேட்க வேண்டும். பாடுகிறவரே பாட்டைக் கட்டியவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாடியவர், கட்டியவர், அவர்கள் பேட்டை மூன்றையும் அன்றிரவே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், விடிந்தால் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போயிருப்பார்கள்.