ஏர்லைன்ஸ் பைலட் வேலை: தேர்வில் உங்களிடம் எதைப் பார்க்கிறார்கள்?

லைசென்ஸ் இருக்கிறது, பறந்த மணிநேரமும் இருக்கிறது, அப்புறம் எதற்கு இத்தனை டெஸ்ட் என்று தோன்றும். ஓட்டத் தெரியும் என்பதற்கு லைசென்ஸே சாட்சி. நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியது, செலவு செய்து டைப் ரேட்டிங்குக்கு (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) அனுப்பினால் இவர் தேறுவாரா, நெருக்கடியில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு உதவியாக இருப்பாரா என்பதுதான். தயாரிப்பையும் அதை வைத்தே தொடங்குங்கள்.

முதலில், பறந்த மணிநேரங்களைக் குறித்து வைக்கும் லாக்புக். ஒவ்வொரு பக்கத்துக் கூட்டலும் அடுத்த பக்கத்துக்குச் சரியாகப் போயிருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள், கணக்கு இடித்தால் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எல்லாம் சந்தேகத்தோடுதான் வரும்.

கம்ப்யூட்டர் டெஸ்டில் ஜாய்ஸ்டிக்கால் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டே காதில் விழும் எண்களுக்குப் பதில் சொல்ல வைப்பார்கள். இதில் எல்லாரும் திணறுவார்கள், திணற வைக்கத்தான் அது. ஒன்றை அடியோடு கைவிட்டு மற்றதில் மூழ்கிவிடாதீர்கள். மனக்கணக்கு தினமும் போடுங்கள்: 35,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரத்தை விட்டுவிட்டு 35-ஐ மூன்றால் பெருக்கினால் சுமார் 105 நாட்டிகல் மைல் தூரம் வேண்டும், மூன்று டிகிரி சரிவில் தரைவேகம் 140 நாட் என்றால் ஐந்தால் பெருக்கி நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டும்.

டெக்னிக்கல் சுற்றில் வி1 (டேக்-ஆஃபை நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டிய கடைசி வேகம்) என்றால் என்ன என்பதோடு விடமாட்டார்கள், ரன்வே ஈரமாக இருந்தால் அது ஏன் குறைகிறது என்று அடுத்த கேள்வி வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். கப்சா விடுகிற ஆளை யாருக்கும் காக்பிட்டில் பிடிக்காது.

கேப்டனோடு கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள் என்று எச்ஆர் சுற்றில் கேட்பது சும்மா இல்லை. 1978-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் யுனைடெட் 173 விமானம், லேண்டிங் கியர் (சக்கரங்கள்) பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதை, கேப்டனோடு காக்பிட்டில் இருந்தவர்கள் அழுத்திச் சொல்லவில்லை. காக்பிட்டில் இருப்பவர்கள் சேர்ந்து இயங்கப் பழக்கும் சிஆர்எம் பயிற்சி வரக் காரணமான விபத்துகளில் இதுவும் ஒன்று. எனவே "நான் டீம் பிளேயர்" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரு நிகழ்வை எடுத்து, அப்போது நீங்கள் சொன்ன வார்த்தைகளையே சொல்லுங்கள்.

சிமுலேட்டரில் நீங்கள் ஓட்டியே இராத விமானமாக இருக்கலாம், ஆட்டோபைலட்டும் இருக்காது. உயரம் நூறு அடி தவறியதை விட, தவறியதைக் கவனித்து, வாய்விட்டுச் சொல்லி, திருத்தினீர்களா என்பதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். வி1 தாண்டியதும் எஞ்சின் போனால் கை பரபரக்கும். ஏறுவது உறுதியானதும் கியரைத் தூக்கச் சொல்லுங்கள், விமானத்தை நேராகப் பறக்க வையுங்கள், செக்லிஸ்ட் கொஞ்சம் காத்திருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் வேலை கொடுங்கள். எல்லாவற்றையும் தனியாக இழுத்துப்போட்டுச் செய்து நன்றாக ஓட்டினாலும் மார்க் குறையத்தான் செய்யும் (இது பலருக்கு வெளியே வந்த பிறகும் புரிவதில்லை).

முடிந்ததும், "எப்படிப் போயிற்று?" என்று கேட்பார்கள். இதுவும் டெஸ்ட்தான். லோக்கலைசரை (ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் ரேடியோ சிக்னல்) ஒரு முறை தாண்டிவிட்டேன், திருத்தத் தாமதமாயிற்று, அடுத்த முறை முன்கூட்டியே திரும்புவேன் என்று இரண்டு வரியில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.