கட்டணப் பேனல் இல்லாமல் விஎம் ஓட்டுபவர்கள் சறுக்கும் இடங்கள்

டெடிகேட்டட் சர்வர் (முழுக்க நமக்கே உரிய சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் நாலைந்து விஎம் (ஒரே சர்வருக்குள் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓட்டுவதற்கு, அவற்றை நிர்வகிக்கும் பேனல் மென்பொருளுக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டியதில்லை. விஎம்களை ஓட்டவைக்கும் கேவிஎம் 2007-லேயே லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் வந்துவிட்டது. அதன்மேல் விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டும் அதை இயக்கும் விர்ஷ் கட்டளையும் போதும். பிரௌசரில் கிளிக் செய்துதான் பழக்கம் என்றால் புராக்ஸ்மாக்ஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். விஎம் உருவாக்குவது சின்ன வேலை. பேனல் பார்த்துக்கொண்ட மற்ற வேலைகளும் இனி நம் பொறுப்பு என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் பேர் சிக்குவது நெட்வொர்க்கில். வீட்டில் செய்து பழகியதுபோல் சர்வரின் நெட்வொர்க் கார்டை பிரிட்ஜில் (விஎம்களை நேரடியாக வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) சேர்த்து, விஎம்முக்குக் கூடுதல் ஐபியைக் கொடுத்துவிடுவார்கள். ஹெட்ஸ்னர் போன்ற சர்வர் வாடகை நிறுவனங்களில் இது நடக்காது. அவர்கள் பதிவில் உள்ள மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வரும் டிராஃபிக்குக்கு மட்டுமே அனுமதி. லிப்விர்ட் தானாகத் தரும், 52:54:00 என்று தொடங்கும் முகவரி அந்தப் பதிவில் இருக்காது. ஐபி வேலை செய்யாது, கூடவே எச்சரிக்கை மெயிலும் வரும். கூடுதல் ஐபிக்கென்று தனி மேக் முகவரியை வாங்கி விஎம்மில் போடுங்கள். இல்லையென்றால் பிரிட்ஜை விட்டுவிட்டு, சர்வரே டிராஃபிக்கை விஎம்முக்குக் கடத்தும் ரூட்டிங் முறைக்குப் போங்கள். எதுவானாலும், எஸ்எஸ்எச் வழியாக (தொலைவிலிருந்து) நெட்வொர்க் அமைப்பில் கைவைக்கும் முன் ரெஸ்க்யூ மோடுக்குள் (சர்வர் எட்டாதபோது உள்ளே நுழைய உதவும் அவசர வழி) எப்படிப் போவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாட்டிக்கொண்ட பிறகு தேடுவது கொடுமை.

அடுத்தது டிஸ்க். தின் முறையில் (எழுத எழுத மட்டுமே இடம் பிடிக்கும் முறை), இருப்பதைவிட அதிக இடத்தை விஎம்களுக்கு எழுதிக்கொடுக்கலாம். 500 ஜிபி டிஸ்கில் 200 ஜிபி விஎம் நான்கு வைத்தாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். விஎம்கள் பகிரும் மொத்த இடமான பூல் முழுக்க நிரம்பும் அன்று, அதில் எழுத முயலும் விஎம்கள் பிழை காட்டும் அல்லது அப்படியே நின்றுவிடும். ஃபைல் சிஸ்டமும் கெடலாம். 80 சதவீதம் தாண்டினால் மெயில் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்டை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ராமிலும் இதே பேராசைதான். 64 ஜிபி இருந்தால் 64-ஐயும் பங்குபோட்டால் ஹோஸ்ட்டுக்கு (விஎம்களைத் தாங்கும் சர்வருக்கு) என்ன மிஞ்சும்? இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருந்தால் அதன் கேஷ் வேறு ஒரு பங்கு கேட்கும். நெருக்கடி வந்தால் கெர்னல் பெரும்பாலும் அதிக ராம் பிடித்திருக்கும் ப்ராசஸைத்தான் கொல்லும். அது அநேகமாக உங்கள் டேட்டாபேஸ் விஎம்மாக இருக்கும்.

ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு கணத்து நிலை) எடுத்தாயிற்று, ரெய்டும் (ஒரு டிஸ்க் கெட்டாலும் தாங்கும் பல டிஸ்க் அமைப்பு) இருக்கிறது, பேக்கப் எதற்கு என்பவர்களிடம் என்ன சொல்ல! இரண்டும் அதே சர்வரில்தானே இருக்கின்றன? பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும், அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். லிப்விர்ட் என்றால் டிஸ்க்கோடு விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் கட்டளை தரும் அமைப்பு ஃபைலையும் சேர்த்து எடுங்கள். அப்புறம், விஎம்முக்குள் கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட்டோடு பேசும் சின்ன மென்பொருள்) போட்டிருந்தால் பேக்கப் நேரத்தில் ஃபைல் சிஸ்டத்தை ஒரு கணம் நிறுத்தி, ஒழுங்கான பிரதி எடுக்க முடியும்.

ஆட்டோஸ்டார்ட் போட மறந்தால் ஹோஸ்ட் ரீபூட் ஆனதும் விஎம்களும் அவற்றில் உள்ள தளங்களும் எழாது. விர்ஷ் டெஸ்ட்ராய் விஎம்மை அழிக்காது. மின்சாரத்தைத் துண்டிப்பதுபோல் நிறுத்தும். சாதாரணமாக நிறுத்த ஷட்டவுன் போதும்.

புராக்ஸ்மாக்ஸ் போட்டவர்களுக்கு அப்டேட் கொடுத்ததும் 401 பிழை வரும். காசு கட்டினால்தான் அப்டேட் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிழை வருவது சந்தாதாரர்களுக்கான ரெப்போவிலிருந்து (அப்டேட்கள் வரும் களஞ்சியம்). அதை நிறுத்திவிட்டு, சந்தா இல்லாதவர்களுக்கான ரெப்போவைச் சேர்த்தால் சரி. கையோடு, புராக்ஸ்மாக்ஸின் பிரௌசர் பக்கம் ஓடும் 8006 போர்ட்டையும் ஃபயர்வாலில் உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்து வையுங்கள்.