புயல் நாட்களில் வெதர் சேனலை எப்படிப் பார்ப்பது

டெக்சஸில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி நகரத்துக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கும் என் நாத்தனார் மகன் ஜூன் முதல் வாரத்தில் தொலைபேசியில் கேட்டான்: "அத்தை, வெதர் சேனலில் 24 மணி நேரமும் புயலைப் பற்றியே பேசுகிறார்கள். இதில் எதைப் பார்ப்பது?" வெதர் சேனல் என்பது அமெரிக்காவில் வானிலைக்கென்றே உள்ள தொலைக்காட்சி. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். டெக்சஸ், லூசியானா, ஃபுளோரிடா கரையோரங்களில் புதிதாகக் குடியேறியிருக்கும் எவருக்கும் இது உதவும்.

முதலில் 2005-இல் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு வந்து அப்போது நான்கு மாதம். கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ரீட்டா மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்து, இருப்பதிலேயே கடுமையான ஐந்தாம் வகைப் புயலாகிவிட்டது. இரண்டு நாள் தொலைக்காட்சியை அணைக்காமல் பார்த்தோம். சிவப்பும் ஊதாவுமாகச் சுழன்ற அந்த வட்டம் கண்ணை மூடினாலும் சுழன்றது. புதன்கிழமை இரவு ஒரு வயதுக் குழந்தையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். ஐ-45 சாலையில் ஹன்ட்ஸ்வில் போய்ச்சேர எங்களுக்கு 19 மணி நேரம் பிடித்தது. அந்த நெரிசலில், வெயிலில், வழியிலேயே இறந்துபோனவர்கள் பலர். ரீட்டாவின் காற்றும் வெள்ளமும் எடுத்த உயிர்களைவிட அந்தப் பயணம் எடுத்த உயிர்கள் அதிகம். கடைசியில் புயல் டெக்சஸ்–லூசியானா எல்லையில் கரையைக் கடந்தது. எங்கள் குடியிருப்போ, வெளியேறச் சொன்ன பகுதியிலேயே இல்லை.

சேனலில் அந்தத் தகவல் இருந்தது. நான் புயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் என் வீடு எங்கே என்று ஒருமுறைகூடத் தேடவில்லை. இதற்குப் பிறகு நான் சொல்லப்போவது எல்லாமே அந்தத் தேடலைப் பற்றித்தான்.

வெயில் அடிக்கும் ஒரு சாதாரண நாளிலேயே செய்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் மாநிலத்தின் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரைபடத்தை அச்செடுத்து, உங்கள் கவுண்டியையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் வண்ணப் பென்சிலால் தீட்டுங்கள். புயல் நேரத்தில் சேனல் காட்டும் படங்களில் ஊர்ப் பெயர்கள் அதிகம் இருக்காது, எல்லைக்கோடுகள்தான் இருக்கும். அறிவிப்பாளரும் "ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர்" என்று கவுண்டிகளை அடுக்கிக்கொண்டே போவார். கேட்டி நகரம் இந்த மூன்று கவுண்டிகளிலும் பரவியிருக்கிறது. எந்தத் தெருவுக்கு எந்தக் கவுண்டி என்று தெரியாமல் பல வருடம் இங்கே குடியிருப்பவர்களை எனக்குத் தெரியும். அதே தாளில் உங்கள் அஞ்சல் குறியீட்டையும், அது எந்த வெளியேற்றப் பகுதியில் வருகிறது என்பதையும் எழுதுங்கள். ஹூஸ்டன் வட்டாரத்தில் அஞ்சல் குறியீட்டை வைத்தே இந்தப் பகுதிகளைப் பிரித்திருக்கிறார்கள். அதில் உங்கள் குறியீடு இல்லையென்றால் அதையும் எழுதிவையுங்கள். தாளைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

யார் எதைச் சொல்கிறார்கள் என்று பிரித்துக் கேட்கவும் பழக வேண்டும். வெதர் சேனல் 1982 மே 2 அன்று தொடங்கியது. வானிலை அறிவிப்பாளர் ஜான் கோல்மனும் ஊடக நிறுவன அதிபர் ஃபிராங்க் பேட்டனும் சேர்ந்து தொடங்கினார்கள். அன்றிலிருந்து அட்லாண்டாதான் அதன் இருப்பிடம். நல்ல வானிலை அறிஞர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் ஹரிக்கேன் என்ற கடும் புயலின் பாதையை அதிகாரபூர்வமாகக் கணித்து அறிவிப்பது மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம். டொர்னேடோ எனும் சூறாவளிச் சுழலுக்கான வார்னிங் (எச்சரிக்கை) தருவது தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகம். டெக்சஸில் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்பவர் மேயர் அல்லது கவுண்டி ஜட்ஜ். பெயர்தான் ஜட்ஜ், கவுண்டி நிர்வாகத்தின் தலைவர் அவர். சேனல் இவற்றை நமக்குக் கொண்டுவந்து விளக்குகிறது. அறிவிப்பாளரின் குரல் உயர்ந்துவிட்டதே என்பதற்காகக் காரில் ஏறாதீர்கள்.

இனி நேரம். ஹரிக்கேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை தருகிறது. புயல் பருவத்தில் ஹூஸ்டன் கடிகாரப்படி விடியற்காலை 4, காலை 10, மாலை 4, இரவு 10. கரைக்கு வாட்ச் அல்லது வார்னிங் (இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னால் சொல்கிறேன்) கொடுத்துவிட்டால் நடுவில் 1 மணிக்கும் 7 மணிக்கும் இடைக்கால அறிக்கைகள் வரும். நான் அறிக்கை வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுவேன், அரை மணி நேரம் பார்ப்பேன், அணைத்துவிடுவேன். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலும் பழைய தகவலே புதிய படங்களோடு சுற்றிவரும். அட்லாண்டாவில் இருப்பவர்கள் சொல்லும் நேரம் பல சமயம் கிழக்கு நேரம் என்பதையும் மறக்காதீர்கள். அவர்களுக்கு ஐந்து என்றால் நமக்கு நான்கு. கேபிள் இணைப்பு உள்ளவர்கள் எட்டில் முடியும் நிமிடங்களில், 08, 18, 28 என்று, உள்ளூர் வானிலையைப் பார்க்கலாம். மற்ற வழிகளில் பார்ப்பவர்களுக்கு அந்தப் பகுதியில் வேறு ஊர் வரக்கூடும். ஊர்ப் பெயரைப் படித்த பிறகே எண்களைப் படியுங்கள்.

அறிக்கை வந்ததும் எல்லாரும் பார்ப்பது வரைபடத்தில் புயலுக்கு முன்னால் விரியும் அந்த வெள்ளைக் கூம்பைத்தான். அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். புயலின் மையம் எந்த எல்லைக்குள் நகரக்கூடும் என்பதை மட்டுமே கூம்பு சொல்கிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான். புயலின் அகலத்தை அது காட்டாது. கூம்புக்கு வெளியே இருக்கும் ஊரிலும் மழை கொட்டும், மரம் விழும். நடுவில் ஓடும் கோட்டை நம்பி உட்காரவும் கூடாது. 2022-இல் இயன் புயலுக்குப் பல அறிக்கைகளில் அந்தக் கோடு ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் போனது. புயலோ தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் அருகே ஏறியது. 2024-இல் பெரில் முதலில் மெக்சிகோ எல்லைப் பக்கம் போவதாகத்தான் இருந்தது. நாளுக்கு நாள் கோடு வடக்கே நகர்ந்து, கடைசியில் எங்களுக்குப் பக்கத்தில் மாட்டகோர்டாவில் கரையைக் கடந்தது. ஆகையால் ஒவ்வொரு பத்து மணி அறிக்கையிலும் அந்தக் கோடு கரையைத் தொடும் இடத்தை உங்கள் தாளில் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். மூன்று புள்ளிகள் ஒரே திசையில் உங்களை நோக்கி வந்தால், தண்ணீரும் மருந்தும் வாங்க அதுவே நேரம். கோடு உங்கள் ஊருக்கு வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது வகை எண். நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டே புயலை அளந்து பழகியவள். எண் ஏறினால் பயம் ஏறும், இறங்கினால் நிம்மதி. அதே பழக்கத்தில் இங்கே வகை எண்ணைப் படித்தேன், அது தவறு. ஒன்று முதல் ஐந்து வரையிலான அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது: மணிக்கு 74 மைல் என்றால் முதல் வகை, 157 மைலைத் தொட்டால் ஐந்தாம் வகை. மழைக்கும் கடல் நீருக்கும் அதில் இடமே இல்லை. 2017 ஆகஸ்ட் 25, வெள்ளி இரவு, ஹார்வி நான்காம் வகையாக ராக்போர்ட் அருகே கரையேறியது. சனிக்கிழமை அது ஹரிக்கேன் என்ற நிலையிலிருந்தே இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் நிம்மதியாகத் தூங்கப் போனோம். ஞாயிறு விடியும்போது கராஜ் கதவுக்கு அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஹார்வி நகராமல் நின்று பெய்தது. டெக்சஸில் உள்ள நீதர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் பதிவானது. எனவே வகை எண்ணுக்குப் பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது, எத்தனை அங்குல மழை சொல்கிறார்கள்?

கரையோரம் இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். காற்று கடலைத் தள்ளிக்கொண்டு நிலத்துக்குள் ஏற்றுவதை ஸ்டார்ம் சர்ஜ் என்கிறார்கள். 2008-இல் ஐக் வெறும் இரண்டாம் வகை. ஆனால் கால்வெஸ்டனுக்குக் கிழக்கே பொலிவர் பகுதியில் 15 அடிக்கு மேல் தண்ணீர் ஏறி வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் இருக்கும் கரைக்குத்தான் பெரும்பாலும் இந்த அடி விழும். 2018-இல் ஃபிளாரன்ஸ் புயலின்போது அறிவிப்பாளரைச் சுற்றித் தண்ணீர் மூன்று அடி, ஆறு அடி, ஒன்பது அடி என்று உயர்வதைக் கணினிப் படத்தால் காட்டினார்கள். அந்தச் சேனல் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒன்பது அடி என்ற எண் அதுவரை எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. கடலோரத்தில் இருந்து, உங்கள் பகுதிக்கு வெளியேறும் உத்தரவும் வந்துவிட்டால், சேனலை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹரிக்கேன் வாட்ச் என்றால், ஹரிக்கேன் நிலைமை ஏற்படக்கூடும். பலத்த காற்று தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பு தருவார்கள். வார்னிங் என்றால் அது ஏற்படும் என்றே எதிர்பார்க்கிறார்கள்; 36 மணி நேரம். சூறாவளிச் சுழலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் வார்னிங் வந்தால் உங்களிடம் இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. ஹரிக்கேனைச் சுற்றியுள்ள வெளிப்புற மழைப் பட்டைகளிலேயே அத்தகைய சுழல்கள் பிறக்கும். உங்கள் கவுண்டி பெயரும் ஊர்ப் பெயரும் காதில் விழுந்தால் ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை.

களத்தில் நிற்கும் நிருபர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிம் கான்டோரி 1986 முதல் அந்தச் சேனலில் இருக்கிறார். இயன் புயலில், புன்டா கோர்டாவில், நேரலையிலேயே பறந்துவந்த மரக்கிளை அவர்மீது மோதியது. அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவரை அனுப்புவது புயல் உக்கிரமாக இருக்கும் இடத்துக்கு. நீங்கள் 150 மைல் தள்ளி இருக்கலாம். குழந்தைகளுக்கு இது புரியாது. அவர் பின்னால் வளையும் மரம் தங்கள் தெரு மரம் என்றே நினைப்பார்கள். அந்த நேரங்களில் எங்கள் வீட்டில் ஒலியை நிறுத்திவிடுவோம்.

குளிர்காலத்தில் ஒரு சிறு குழப்பம் வரும். 2012 முதல் இந்தச் சேனல் பனிப்புயல்களுக்குத் தானாகவே பெயர் வைக்கிறது. அரசு வானிலைச் சேவை அந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதில்லை. 2021 பிப்ரவரியில் எங்களை உறையவைத்த 'யூரி' அப்படி வைத்த பெயர்தான். அதேபோல் கைபேசியில் இருக்கும் வெதர் சேனல் செயலியும் தொலைக்காட்சியும் 2016 முதல் தனித்தனி நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு மழை அளவு காட்டினால் திகைக்க வேண்டாம்.

புயல் உங்கள் தலைக்கு மேல் இருக்கும்போது பெரும்பாலும் தொலைக்காட்சியே இருக்காது. பெரில் முதல் வகைப் புயல்தான்; ஆனாலும் ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்களுக்கு ஆறு நாள். ஆகவே பேட்டரியில் ஓடும் வானிலை வானொலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் அரசு ஒலிபரப்பு இடைவிடாமல் வருகிறது. உங்கள் ஊரில் தெளிவாகக் கேட்பது எது என்று இன்றே திருப்பிப் பார்த்து, அந்த எண்ணையும் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுங்கள்.

புயல் கடந்ததும் சேனலின் கவனமும் அதனோடே அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டுமா என்பதை அப்போது உள்ளூர் நிலையங்களும் கவுண்டியும்தான் சொல்லும். வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சிறிய காரை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே அந்தத் தகவல் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

நாத்தனார் மகன் போன ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தான். வரைபடத்தை விரித்துவைத்து, அவன் குடியிருப்பு ஃபோர்ட் பெண்டில்தான் வருகிறது என்று உறுதிசெய்து பச்சைப் பென்சிலால் தீட்டிக்கொடுத்தேன். எங்கள் பழைய வானொலியையும் நான்கு பேட்டரிகளையும் எடுத்துப்போனான்.